பள்ளிச் செலவுக்கு ஊரார் வாக்கு



ஒரு பள்ளிக்கூடம் நடப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால், கட்டடம், ஆசிரியர், பாடநூல், மேசை நாற்காலி என்று நம் பிள்ளைகளே வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக வேண்டியது பணம். அந்தப் பணத்தை யார் கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது? அதை முடிவு செய்யும் உரிமை யாருடையது? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக விடை கண்டிருக்கிறது.

நம் தோட்டப் பள்ளிகளின் கதையை நாம் அறிவோம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளிக்கூடம் வைத்துத் தரவேண்டும் என்றது. அது எப்படிப்பட்ட பள்ளி, அதற்கு எவ்வளவு செலவு என்பதைத் தோட்டத் துரையே முடிவு செய்தார். பிள்ளையைப் பெற்றவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. அந்நாட்டின் பல மாநிலங்களில், பள்ளிக்கூடத்தின் வரவு செலவுத் திட்டத்தை ஊர் மக்களே வாக்குப் போட்டு ஏற்கவோ தள்ளவோ செய்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த வழக்கம் நன்மையும் செய்திருக்கிறது, தீமையும் செய்திருக்கிறது. அதன் வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் ‘பள்ளி வட்டாரம்’ என்று ஓர் அமைப்பு உண்டு. ஓர் ஊரோ, சில ஊர்களோ சேர்ந்த நிலப்பரப்பு அது. அதற்கென்று தனி எல்லை உண்டு; பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு வாரியம் உண்டு. பல மாநிலங்களில் வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. வீடு, நிலம், கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு, நூறு டாலருக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். இதுவே சொத்து வரி. அமெரிக்கப் பொதுப் பள்ளிகளுக்கு வரும் பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது இவ்வாறு உள்ளூரிலிருந்து வருகிறது. ஏறத்தாழ அதே அளவு மாநில அரசு தருகிறது. நடுவண் அரசு தருவது சிறு பங்கே. 1931–32-ஆம் ஆண்டில் அந்நாட்டில் 1,27,000-க்கும் மேற்பட்ட பள்ளி வட்டாரங்கள் இருந்தன. ஓர் ஆசிரியர் மட்டுமே உள்ள சிறு பள்ளிக்குக்கூட ஒரு வட்டாரம் இருந்த காலம் அது. பிறகு சிறு வட்டாரங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. இன்று ஏறத்தாழ 13,000 வட்டாரங்கள் இருக்கின்றன.

இனி கதையின் தொடக்கத்துக்கு வருவோம்.

1640-களின் நடுப்பகுதி. இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் மாசசூசெட்ஸ் கடற்கரையை ஒட்டிக் காடு வெட்டி ஊர் அமைத்துக்கொண்டிருந்த காலம். அங்கே டெட்ஹாம் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரார் ஊர்க்கூட்டம் கூடி, பள்ளி ஆசிரியர் ஒருவருக்காக ஆண்டுக்கு இருபது பவுன் திரட்டுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஊரார் வரிப்பணத்தில் பள்ளி நடத்துவதென்ற முடிவுகளில் மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று. 1647-இல் மாசசூசெட்ஸ் குடியேற்ற மன்றம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர், எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஒருவரை நியமிக்க வேண்டும். நூறு குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி ஒன்று அமைக்க வேண்டும். தவறினால் ஐந்து பவுன் தண்டம். மக்கள் வேதநூலைத் தாங்களே படித்தறிந்தால் சாத்தான் அவர்களை ஏமாற்ற முடியாது என்பது அச்சட்டம் கூறிய காரணம்.

அந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஆசிரியரின் சம்பளத்தைப் பிள்ளைகளின் பெற்றோர் கொடுப்பதா, ஊரார் அனைவரும் சேர்ந்து கொடுப்பதா என்ற முடிவை, ஊர்க் காரியங்களைப் பார்ப்பவர்களில் பெரும்பான்மையோரிடம் அது விட்டுவிட்டது. ‘பிள்ளையைப் பெற்றவன் கொடுப்பதா, ஊர் கொடுப்பதா?’ இந்த ஒரு வினா அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டை விடவில்லை.

நியூயார்க் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1812-இல் ஒரு சட்டம் வந்து, மாநிலம் முழுவதும் பள்ளி வட்டாரங்கள் பிரிக்கப்பட்டன. மாநிலம் கொஞ்சம் பணம் தந்தது. ஊர் கொஞ்சம் தந்தது. அது போதாதபோது, துண்டு விழுந்த தொகையைப் பெற்றோர் மீது பங்கிட்டார்கள். எந்தப் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வந்ததோ, அத்தனை நாளுக்கு அதன் பெற்றோர் பணம் கட்ட வேண்டும். கட்ட இயலாதவர்கள் ‘நாங்கள் ஏழைகள்’ என்று ஒப்புக்கொண்டால் விலக்குக் கிடைக்கும். விளைவு என்ன? நான்கு பிள்ளைகள் உள்ள கூலிக்காரர் இருவரை வீட்டில் நிறுத்தினார். ‘ஏழை’ என்று பெயர் வாங்க மனம் ஒப்பாதவர் நால்வரையும் நிறுத்தினார். வந்த நாளுக்கெல்லாம் காசு என்றால், வராத நாள் மிச்சம் என்றுதானே ஏழைக் குடும்பம் கணக்குப் போடும்?

1849-இல் இந்த முறையை ஒழித்து இலவசப் பள்ளிகளை ஏற்படுத்தும் சட்டம் மக்கள் வாக்குக்கு விடப்பட்டது. மக்கள் பெரும்பான்மையாக ஆதரித்தார்கள். ஆனால் வரிச்சீட்டு வீட்டுக்கு வந்ததும் முணுமுணுப்பு எழுந்தது. மறு ஆண்டே, 1850-இல், அச்சட்டத்தை நீக்கலாமா என்று மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. கிராமப்புறங்கள் பல நீக்கவே விரும்பின. நகரத்து வாக்குகளே சட்டத்தைக் காப்பாற்றின. அப்படியும் 1851-இல் சட்டமன்றம் பெற்றோர் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அது முற்றாக ஒழிந்தது 1867-இல்தான். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் காலம் அந்தத் தகராறிலேயே கழிந்தது.

பென்சில்வேனியா மாநிலத்திலும் இதே சச்சரவு நடந்தது. 1834-இல் இலவசப் பள்ளிச் சட்டம் வந்தது. அதை நீக்க வேண்டும் என்று மறு ஆண்டே பெரும் கிளர்ச்சி எழுந்தது. அப்போது சட்டமன்ற உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கால் ஊனத்தோடு வளர்ந்து, கல்வியால் உயர்ந்தவர் அவர். அவர் எடுத்துக்காட்டிய வாதம் எளிமையானது. சிறைச்சாலைக்கும் நீதிமன்றத்துக்கும் நாம் எல்லோரும் வரி கொடுக்கிறோம். நாம் அங்கே போகப் போவதில்லை என்பதற்காக மறுப்பதில்லை. குற்றவாளியைத் தண்டிக்கப் பணம் கொடுப்பவர், பிள்ளை குற்றவாளியாகாமல் தடுக்கும் பள்ளிக்குக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்? அந்த வாதம் வென்றது, சட்டம் நிலைத்தது.

தொடக்கப் பள்ளி சரி, இடைநிலைப் பள்ளிக்கும் ஊரார் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி அடுத்து வந்தது. மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்னும் ஊரில் வரி கட்டுவோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 1874-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி தாமஸ் கூலி எழுதிய அந்தத் தீர்ப்பு, வட்டார வாக்காளர் சம்மதித்து வரி போட்டால், இடைநிலைக் கல்விக்கும் அதைச் செலவிடலாம் என்றது. அதன் பிறகு பல மாநிலங்களில் இடைநிலைப் பள்ளிகள் விரைவாகப் பெருகின.

இதுவரை ‘ஊரார்’ என்றே சொல்லி வந்தோம். அந்த ஊராரில் யார் யார் சேர்த்தி? இதையும் கேட்டாக வேண்டும்.

நீண்ட காலம் ஊரார் என்றால் ஆண்கள். அதிலும் பெரும்பாலும் சொத்துடைய வெள்ளையர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கும் தாய்க்கு வாக்கு இல்லை. ஆனால் இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமையின் கதவு முதலில் திறந்த இடங்களில் ஒன்று பள்ளித் தேர்தல். 1838-இல் கென்டக்கி மாநிலம் சில விதவைகளுக்குப் பள்ளி விவகாரங்களில் மட்டும் வாக்களித்தது. 1861-இல் கேன்சஸ், 1879-இல் மாசசூசெட்ஸ், 1880-இல் நியூயார்க் என்று இந்த உரிமை பரவியது. ‘லிட்டில் வுமன்’ என்ற புகழ்பெற்ற கதையை எழுதிய லூயிசா மே ஆல்காட் அம்மையார், 1880-இல் காங்கார்ட் என்னும் தம் ஊரில் பள்ளிக் குழுத் தேர்தலில் வாக்களித்தார். நாட்டின் எல்லாத் தேர்தல்களிலும் பால் வேற்றுமையின்றி வாக்களிக்கும் உரிமை அரசியல் சட்டத்தில் ஏறுவதற்கு அதன் பின் நாற்பது ஆண்டுகள் ஆயின.

சொத்து என்ற தடை இன்னும் நெடுநாள் நீடித்தது. நியூயார்க் மாநிலத்தின் சில பள்ளி வட்டாரங்களில், நிலமோ வீடோ சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்திருப்பவர்களும், பொதுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோரும் மட்டுமே வாக்களிக்கலாம் என்று இருந்தது. முப்பத்தொரு வயதான ஓர் இளைஞர், திருமணம் ஆகாதவர், பெற்றோர் வீட்டிலேயே குடியிருந்தவர். மற்றத் தேர்தல்களில் வாக்களித்து வந்த அவருக்குப் பள்ளித் தேர்தலில் வாக்கு இல்லை என்றார்கள். அவர் வழக்காடினார். 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடத்தின் நன்மை தீமை ஊரில் வாழும் எல்லோரையும் தொடுகிறது. வரி கட்டுபவருக்கும் பெற்றவருக்கும் மட்டுமே அக்கறை உண்டு என்று வரையறுப்பது முறையாகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

சரி, இந்த வாக்கெடுப்பு எப்படி நடக்கிறது? மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறுபடும். நியூயார்க் மாநிலத்தில் ஐந்து பெரிய நகரங்கள் நீங்கலாக மற்ற வட்டாரங்களில், மே மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை வாக்கு நாள். பள்ளி வாரியம் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை முன்வைக்கும். மக்கள் மறுத்தால், சூன் மாதத்தில் மறுபடி ஒரு முறை வைக்கலாம். இரண்டாம் முறையும் மறுத்தால், தவிர்க்க முடியாத செலவுகளை மட்டும் கொண்ட ஒரு சிக்கனத் திட்டத்தோடு அந்த ஆண்டை ஓட்ட வேண்டும். வேறு மாநிலங்களில் ஆண்டுத் திட்டத்துக்கு வாக்கில்லை. புதிய வரிக்கு மட்டும் வாக்கு. கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால், பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் சம்மதம் வேண்டும். சில மாநிலங்களில் பாதிக்கு மேல் வாக்குக் கிடைத்தாலும் போதாது. மேற்கு வர்ஜீனியாவில் ரோன் என்னும் பகுதியில் 1968-இல் புதுப் பள்ளிக் கட்டடங்களுக்கான வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு ஐம்பத்தொருவருக்கு மேல் ‘சரி’ என்றார்கள். ஆனால் சட்டப்படி வேண்டியது நூற்றுக்கு அறுபது. கட்டடம் எழவில்லை. அந்த விதி செல்லும் என்று 1971-இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

மக்கள் மறுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரம் இதற்குச் சான்று. இரும்பு எஃகு ஆலைகள் நிறைந்த தொழிலாளர் நகரம் அது. அங்கே பள்ளி வரியை உயர்த்தும் திட்டத்தை வாக்காளர் மீண்டும் மீண்டும் மறுத்தார்கள். 1968-ஆம் ஆண்டின் இறுதியில் பள்ளி வாரியத்தின் கையில் காசு தீர்ந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, புத்தாண்டு பிறந்த பிறகே திறந்தன. 1970-களில் அதே மாநிலத்தில் டொலிடோ நகரத்திலும் இந்த நிலை வந்தது.

மறுத்தவர்கள் எல்லோரும் கல்விக்குப் பகைவர்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. சொத்து வரியில் ஒரு குறை உண்டு. அது வீட்டின் மதிப்பைப் பார்க்கிறதே தவிர, வீட்டுக்காரரின் வருவாயைப் பார்ப்பதில்லை. வேலையை விட்டு ஓய்ந்த முதியவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் சிறு தொகைக்கு வாங்கிய வீட்டில் இருக்கிறார். சுற்றுப்புறத்தில் வீட்டு விலை ஏறுகிறது. அவருடைய வரியும் ஏறுகிறது. ஓய்வூதியம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவருக்கு வேறு எந்த வரியைப் பற்றியும் நேரடியாக வாக்களிக்க வாய்ப்பில்லை. பள்ளி வரி ஒன்றுதான் அவர் கைக்கு எட்டுகிறது. எல்லா வரிகளின் மீதும் உள்ள மனக்கசப்பை அவர் அந்த ஒரு வாக்குச் சீட்டின் மீது காட்டிவிடுகிறார்.

அந்தக் கசப்பு 1978-இல் கலிபோர்னியாவில் வெடித்தது. அவ்வாண்டு சூன் மாதத்தில், பதின்மூன்றாம் தீர்மானம் என்ற திட்டத்தை ஏறத்தாழ நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் ஆதரித்து நிறைவேற்றினார்கள். சொத்து வரி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. சொத்து கைமாறும் வரை மதிப்பீடும் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் உயரக் கூடாது என்றது அது. சொத்து வரி வருவாய் பாதிக்கு மேல் சரிந்தது. முதியவர்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் பள்ளிக்கு எவ்வளவு என்ற முடிவு ஊரை விட்டு மாநிலத் தலைநகருக்குப் போய்விட்டது. வரியைக் கட்டுப்படுத்த வாக்களித்தவர்கள், பள்ளியைக் கட்டுப்படுத்தும் தங்கள் உரிமையையும் பெரும்பாலும் இழந்தார்கள். 1980-இல் மாசசூசெட்ஸ் மாநிலமும், 2011-இல் நியூயார்க் மாநிலமும் வரிக்கு வரம்பு கட்டின. அவ்விரு மாநிலங்களிலும் ஊரார் வாக்களித்தால் வரம்பைத் தாண்டலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள்.

நேயர்களே, இந்த முறையில் இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அதை நம் தோட்டத்து உவமையாலேயே விளக்கலாம்.

இரண்டு தோட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் எல்லாம் இளமரங்கள். கத்தி பட்டால் பால் கொட்டும். மற்றொன்று பழைய காடு. வெட்டி வெட்டிப் பட்டை தேய்ந்த மரங்கள். இரண்டிலும் பள்ளிப் பிள்ளைகள் நூறு பேர். இரு தோட்டத்தாரும் பத்துக் கிலோ பாலுக்கு ஒரு கிலோ பள்ளிக்கு என்று ஒரே மாதிரி ஒதுக்குகிறார்கள். முதல் தோட்டத்துப் பள்ளிக்கு வாளி வாளியாகச் சேரும். இரண்டாம் தோட்டத்துப் பள்ளிக்குக் குவளையளவு சேரும். பழைய காட்டுக்காரர்கள் பத்துக்கு இரண்டு கொடுத்தாலும் அந்த வாளி நிரம்பாது. பிள்ளைகள் மேல் அவர்களுக்குப் பாசம் குறைவா? இல்லை. மரம் அப்படி.

இதுதான் அமெரிக்காவிலும் நடந்தது. கலிபோர்னியாவில் பெவர்லி ஹில்ஸ் என்பது செல்வர்கள் வாழும் ஊர். பால்ட்வின் பார்க் எளியவர்களின் ஊர். 1968–69-ஆம் ஆண்டில் பால்ட்வின் பார்க் மக்கள் வரி மதிப்பில் நூறு டாலருக்கு 5 டாலர் 48 காசு பள்ளி வரி கட்டினார்கள். பெவர்லி ஹில்ஸ் மக்கள் கட்டியது 2 டாலர் 38 காசு. ஆனால் ஒரு பிள்ளைக்குச் செலவான தொகையைப் பாருங்கள். பால்ட்வின் பார்க்கில் 577 டாலர். பெவர்லி ஹில்ஸில் 1,231 டாலர். இரண்டு மடங்குக்கு மேல் வரி விகிதம் கட்டியவருக்குப் பாதிக்கும் குறைவான செலவுள்ள பள்ளி! இது நீதியன்று என்று 1971-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் கூறியது.

டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரத்தில் எட்ஜ்வுட் வட்டாரம் மெக்சிகோ வழியினரான ஏழைத் தொழிலாளர்கள் வாழும் பகுதி. 1968-இல் அங்குள்ள மாணவர்கள் பழுதடைந்த கட்டடத்தையும், தகுதி பெற்ற ஆசிரியர்கள் போதாமையையும் எதிர்த்து வகுப்பைவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். அவர்களின் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அருகிலிருந்த செல்வர் வட்டாரமாகிய அலமோ ஹைட்ஸைவிட எட்ஜ்வுட் அதிக விகிதத்தில் வரி கட்டியது. ஆனால் அந்தச் செல்வர் வட்டாரம் உள்ளூர் வரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு 333 டாலர் சேர்த்தபோது, எட்ஜ்வுட் சேர்க்க முடிந்தது 26 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1973-இல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம், பெற்றோர் தோற்றார்கள். ஆனாலும் எட்ஜ்வுட் ஓயவில்லை. வேறொரு வழக்கில், 1989-இல், டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நிதி முறை மாநில அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. வெளிநடப்புக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே இருபத்தோர் ஆண்டுகள்.

உள்ளூர் அதிகாரம் கொடுமைக்கும் கருவியாகலாம். வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் பகுதியில் 1951-இல் கறுப்பின மாணவர்கள் நல்ல கட்டடம் கேட்டு வேலைநிறுத்தம் போல வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். அவர்களின் வழக்கு, இனவாரிப் பள்ளிகள் செல்லா என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒரு பகுதியாயிற்று. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒன்றாக உட்காரக் கூடாது என்பதற்காக, 1959-இல் அப்பகுதியின் ஆட்சிக் குழு பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கவே மறுத்துவிட்டது. பொதுப் பள்ளிகள் ஐந்தாண்டுகள் பூட்டிக் கிடந்தன. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது; ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பு குலைந்தது. 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே பூட்டுத் திறந்தது. ஊரின் முடிவு என்பதாலேயே ஒரு முடிவு நியாயமாகிவிடாது.

இறுதியாக, நம் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கிராய்டன் என்றொரு சிற்றூர். மக்கள் தொகை ஏறத்தாழ எண்ணூறு. கீழ் வகுப்புகளுக்கு ஊரில் ஒரு சிறு பள்ளி. மேல் வகுப்புப் பிள்ளைகள் அண்டை ஊர்ப் பள்ளிகளுக்குப் போவார்கள். கட்டணத்தை ஊர் கட்டும். மொத்தம் எண்பது பிள்ளைகள் அளவில். டெட்ஹாம் காலத்தைப் போலவே அங்கே இன்றும் ஊர்க்கூட்டம் கூடித்தான் பள்ளிச் செலவை முடிவு செய்கிறார்கள்.

2022 மார்ச் மாதத்தில் ஆண்டுக் கூட்டம் நடந்தது. பனி பெய்த நாள். வாரியம் கேட்டது 17 இலட்சம் டாலர். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எட்டு இலட்சம் போதும் என்று திருத்தம் கொண்டுவந்தார். கையளவு பேர்தாம் வந்திருந்தார்கள். ஆதரவு இருபது, எதிர்ப்பு பதினான்கு. திருத்தம் நிறைவேறியது. முப்பத்து நான்கு பேர் கூடிய ஓர் அறையில், எண்பது பிள்ளைகளின் கல்விப் பணம் பாதிக்கு மேல் பறந்தது. ஆசிரியர்களுக்குப் பதிலாகக் கணினி வழிப் பாடம் வைக்கலாமா என்று ஆராயும் நிலை வந்தது. வெளியூரில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், மீதிக் கட்டணத்துக்கு எங்கே போவது என்று திகைத்தார்கள்.

செய்தி பரவியபோது ஊர் விழித்துக்கொண்டது. மறு கூட்டம் கூட்டச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. பதிவு பெற்ற வாக்காளரில் குறைந்தது பாதிப் பேர் நேரில் வர வேண்டும். வராவிட்டால் வாக்கே செல்லாது. பட்டியலில் இருந்தவர்கள் 565 பேர். ஆகவே 283 பேர் வேண்டும். வெட்டை ஆதரித்தவர்கள், ‘யாரும் போகாதீர்கள், வீட்டிலேயே இருங்கள்’ என்று சொன்னார்கள். கூட்டம் சேராவிட்டால் அவர்களுக்கு அதுவே வெற்றி. மற்றவர்கள் வீடு வீடாகப் போனார்கள். அரசியலில் எதிரெதிர் அணியினர்கூட ஒன்றாகப் போனார்கள். மே மாதம் 7-ஆம் நாள் கூட்டம் கூடியது. வந்தவர்கள் 379 பேர். பழைய தொகையைத் திரும்ப வைக்க வாக்களித்தவர்கள் 377 பேர், எதிர்த்தவர்கள் இருவர்.

இந்தக் கணக்கை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மார்ச் மாதத்து இருபது பேரும் சட்டத்தை மீறவில்லை. அவர்கள் வந்தார்கள், பேசினார்கள், கை தூக்கினார்கள். மே மாதத்தில் வந்த 379 பேரில் பெரும்பாலோர் மார்ச்சில் வீட்டில் இருந்தார்கள். அவர்களுடைய நினைப்பு இரண்டு மாதங்களில் மாறிவிடவில்லை. மாறியது ஒன்றே: அவர்கள் புறப்பட்டு வந்தார்கள்.

நேயர்களே, ஊரார் வாக்குப் போட்டுப் பள்ளி நடத்துவது நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற வரலாறு இடம் தரவில்லை. ஏழை ஊரை அதன் சொந்தக் காசிலேயே பள்ளி நடத்தச் சொல்வது அநீதி. அதற்கு மாநிலமும் நாடும் கை கொடுத்தாக வேண்டும். சிறுபான்மைப் பிள்ளைகளின் கல்வியைப் பெரும்பான்மையின் மனப்போக்குக்கு விட்டுவிடுவது ஆபத்து. அதற்குச் சட்டம் காவல் இருக்க வேண்டும். இவை இரண்டும் அமெரிக்கா பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடங்கள். எனினும், பள்ளிக்கூடம் எங்களுடையது, அதன் கணக்கை நாங்கள் கேட்போம் என்று சாதாரண மக்கள் எழுந்து நிற்கும் பழக்கத்தை அந்த ஊர்க்கூட்டங்கள்தாம் வளர்த்தன. அந்தப் பழக்கம் இருந்ததால்தான் எட்ஜ்வுட் பெற்றோர் நீதிமன்றப் படி ஏறினார்கள். கிராய்டன் மக்கள் திரண்டு வந்தார்கள்.

நம் நாட்டில் பள்ளி வரவு செலவுக்குப் பொது வாக்கெடுப்பு இல்லை. ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் உண்டு. அங்கே கணக்கு வாசிக்கப்படுகிறது. கூரைக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு, கணினிக்கு எவ்வளவு என்று பேசப்படுகிறது. அடுத்த ஆண்டுச் செயலவை தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் அந்த மண்டபத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். முன் வரிசை நிரம்புகிறது. பின் வரிசைகள் பல வெறுமையாகவே இருக்கின்றன. காலையில் பால்வெட்டு, மாலையில் கைக்காசு வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு என்பதை நாங்கள் அறிவோம். ஆனாலும் வராதவர் இடத்தில் வந்தவர் முடிவு செய்கிறார். அவர் நல்ல முடிவே செய்யலாம். ஆனால் அது உங்கள் பிள்ளையைப் பற்றிய முடிவு. கணக்குத் தாளை வாங்கிப் பார்க்கவும், புரியாத வரியை விளக்கச் சொல்லவும், கை தூக்கவும் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள். பக்கத்து வீட்டாரையும் அழைத்து வாருங்கள்.